மூணு சைட் ஓடுது, சனிக்கிழமை கையில் காசில்லை: வீடு கட்டும் கான்ட்ராக்டருக்கான பணக்கோளாறு வழிமுறை

சதுரஅடி ரேட்டுக்கு மெட்டீரியலோடு வீடு கட்டித் தருபவர்களுக்கு, அதிலும் ஒரே நேரத்தில் இரண்டிலிருந்து ஆறு சைட் வரை ஓட்டுபவர்களுக்கு, இது எழுதப்பட்டது. உங்களுக்கு எந்தக் கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், கையைக் கடிப்பது கடைசியில் வரும். வரிசையை மாற்றாமல் சோதியுங்கள்.

ஒரே ஒரு முன்தேவை. சைட்டுக்கு ஒரு நோட்டு வேண்டும். எல்லா சைட்டையும் ஒரே நோட்டில் எழுதினால் கீழே உள்ள எந்தச் சோதனையும் நடக்காது. சனிக்கிழமை பட்டுவாடா (வாரக் கூலி கொடுப்பது) முடிந்ததும் அந்த நோட்டில் ஒரு கோடு போட்டு நான்கு எண்களை எழுதுங்கள்: இதுவரை வந்த பணம், இதுவரை போன பணம், கடைகளில் நிற்கும் பாக்கி, இந்த வீட்டை முடித்துச் சாவி கொடுக்க இன்னும் ஆகும் செலவு. நான்காவது எண்ணைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை. கோளாறு முதலில் தெரிவது அதில்தான்.

## கோளாறு 1: வேலை நிறைய இருக்கிறது, பட்டுவாடாவுக்குப் பணம் இல்லை

### 1அ. தவணையை உரிய நாளில் கேட்கவில்லை

சோதனை: கடைசி மூன்று தவணைகளுக்கு மூன்று தேதிகளை எழுதுங்கள். அந்தக் கட்ட வேலை முடிந்த நாள், நீங்கள் கேட்ட நாள், பணம் வந்த நாள். முடிந்த நாளுக்கும் கேட்ட நாளுக்கும் நடுவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்தால் தவறு உங்கள் பக்கம். வியாழக்கிழமை கான்கிரீட் போட்டுவிட்டு, தண்ணீர் கட்டி, செண்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) பிரிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விடுவது வழக்கமாக நடக்கிறது.

சரிசெய்ய, கட்டம் முடிவதற்கு மூன்று நாள் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். "சார், வெள்ளிக்கிழமை லிண்டல் கான்கிரீட் முடியுது. ஒப்பந்தப்படி மூணாவது தவணை ரூ. 5,40,000. சனிக்கிழமை காலைல வந்துட்டா ரூஃப் கம்பிக்கு ஆர்டர் போட்டுடலாம்." தொகை, நாள், அடுத்து அந்தப் பணம் எதற்குப் போகிறது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் வங்கிக் கடனில் கட்டுகிறார் என்றால் மூன்று நாள் போதாது. வங்கியின் இன்ஜினியர் வந்து பார்த்து, பணம் விடுவிக்க ஒரு வாரம் பத்து நாள் ஓடிவிடும். எனவே கட்டம் முடிய பத்து நாள் இருக்கும்போதே போட்டோவும் கட்ட விவரமும் அனுப்பி, வங்கியில் சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

### 1ஆ. தவணை அட்டவணை செலவுக்குப் பின்னால் ஓடுகிறது

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 1,500 சதுரஅடி, ரேட் ரூ. 2,400, மொத்தம் 36 லட்சம் என்று வைத்துக்கொள்வோம் (வரி தனி). நேரடிச் செலவு 32.4 லட்சம். வழக்கமான அட்டவணை இப்படி இருக்கும்: ஒப்பந்தத்தில் 10 சதவீதம், பேஸ்மென்ட் (தரைமட்டம் வரையான அடித்தள வேலை) முடிந்ததும் 15, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்) 15, ரூஃப் கான்கிரீட் 20, பூச்சு 20, டைல்ஸும் வயரிங்கும் 15, சாவி 5.

அட்வான்ஸ் 3.6 லட்சம் வருகிறது. பேஸ்மென்ட் முடிக்க 6.5 ஆகிறது, 2.9 லட்சம் பள்ளம். தவணை 5.4 வந்ததும் கையில் 2.5. லிண்டல் வரை 4.2 போகிறது, மறுபடி 1.7 பள்ளம். 5.4 வந்தால் கையில் 3.7. ரூஃப் முடிய 7.8 லட்சம். கான்கிரீட் போட்ட அன்று உங்கள் பள்ளம் 4.1 லட்சம். லாபத்தில் முடியப்போகிற வீடுதான், ஆனாலும் நடுவில் இந்த அளவுக்கு இழுக்கிறது. இரண்டு வீடு ஒரே வாரத்தில் ரூஃபுக்கு வந்தால் 8.2 லட்சம். சனிக்கிழமை கை கடிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு ரேட்டை ஏற்ற வேண்டியதில்லை. கட்டத்தைப் பிரித்தால் போதும். ரூஃப் தவணை 20 சதவீதத்தை, செண்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியதும் 12, கான்கிரீட் போட்டதும் 8 என்று ஆக்குங்கள். செண்ட்ரிங்கும் கம்பியும் 4.3 லட்சம் என்றால் பள்ளம் 60 ஆயிரம்தான். 12 சதவீதமான 4.32 லட்சம் வந்துவிடும், மீதி 3.5 லட்சத்துக்குக் கான்கிரீட் போட்ட பிறகும் கையில் 22 ஆயிரம் நிற்கும். பேஸ்மென்ட்டையும் அப்படியே, ஃபுட்டிங் கான்கிரீட் முடிந்ததும் 8, பேஸ்மென்ட் முடிந்ததும் 7 என்று பிரியுங்கள். வீட்டுக்காரருக்கும் இதில் இடைஞ்சல் இல்லை, அவர் கொடுக்கும் ஒவ்வொரு தவணைக்கும் கண்ணெதிரே வேலை நிற்கிறது. அவர் வங்கிக் கடனில் கட்டுகிறார் என்றால் மட்டும் வங்கி விடுவிக்கும் கட்டங்களோடு இது பொருந்துகிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

நடுவில் இருக்கும் வீடுகளுக்கு அட்டவணையை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தப் பேச்சு நம்பிக்கையைக் கெடுக்கும். புதிதாகக் கையெழுத்தாகும் ஒப்பந்தத்திலிருந்து மாற்றுங்கள்.

### 1இ. ஒரு வீட்டுப் பணம் இன்னொரு வீட்டுக்குள் போய்விட்டது

சோதனை: ஒவ்வொரு சைட் நோட்டிலும் "இன்னும் வரவேண்டிய தவணை"யிலிருந்து "இன்னும் ஆகும் செலவு", "கடைப் பாக்கி" இரண்டையும் கழியுங்கள். எல்லா சைட்டின் விடையையும் கூட்டி, கையிருப்பையும் வங்கி இருப்பையும் சேருங்கள்.

விடை நேர்மறையாக வந்தால் கோளாறு நாள்கணக்கில்தான், 1அவும் 1ஆவும் போதும். எதிர்மறையாக வந்தால் முடிந்துபோன ஏதோ ஒரு வீட்டின் நஷ்டத்தை இப்போதைய வீட்டுக்காரர்கள் சுமக்கிறார்கள் என்று பொருள். புது அட்வான்ஸ் வாங்கினால் தற்காலிகமாக மூச்சு விடலாம், ஆனால் அந்தப் புது வீட்டிலும் அதே ஓட்டை விழும். இந்த நிலையில் புது வேலை எடுப்பதற்கு முன் ஆடிட்டரிடம் நோட்டுகளோடு போய் உட்காருங்கள். பள்ளம் எவ்வளவு, எந்தச் சொத்தை வைத்து அல்லது எந்தக் கடனில் அதை ஒரே தடவையில் அடைப்பது என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் அது.

இனி கலக்காமல் இருக்க இரண்டு ஏற்பாடு. முடிந்தால் சைட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரே தேதியில் ஒரே தொகையைச் சம்பளமாக எடுப்பது, அதற்கு மேல் தொடாமல் இருப்பது.

மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் 4 லட்சம் புரட்டினால் மாதம் 20 ஆயிரம். இரண்டு மாதம் இழுத்தால் 40 ஆயிரம், மேலே சொன்ன வீட்டில் வரவு போகச் செலவு கழித்து மிஞ்சும் 3.6 லட்சத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். மீட்டர் வட்டி, கந்துவட்டி பக்கம் போகவே போகாதீர்கள். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. மிரட்டல் இருந்தால் காவல்துறையில் புகார் கொடுக்கலாம்.

## கோளாறு 2: வேலை நல்லபடியாக முடிந்தது, லாபம் எங்கே என்று தெரியவில்லை

### 2அ. எக்ஸ்ட்ரா வேலை பில்லில் ஏறவில்லை

சோதனை: வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வரைபடத்திலோ ஒப்பந்த விவரத்திலோ இல்லாத ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கூடுதல் லாஃப்ட், நீண்டுபோன சமையல் மேடை, மாடிப்படிக்குக் கீழே பிறகு சேர்த்த டாய்லெட், கூடுதல் ஸ்விட்ச் பாயிண்ட், உயர்த்திக் கட்டிய காம்பவுண்டு. நோட்டில் எத்தனைக்குத் தொகை இருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

"அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்று சொன்ன எக்ஸ்ட்ராவுக்குப் பணம் வருவது அபூர்வம். அன்றைக்கே ஒரு சீட்டு எழுதுங்கள், நான்கு வரி போதும்:

"12.06. சமையலறை மேடை கிரானைட். ஒப்பந்தம் 14 அடி, இப்போது 19 அடி. கூடுதல் 5 அடி × ரூ. 950 = ரூ. 4,750. அடுத்த தவணையோடு. வேலை தொடங்கலாம்: (வீட்டுக்காரர் கையெழுத்து)."

கையெழுத்துக்கு ஆள் ஊரில் இல்லையென்றால் இதே வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஓகே" வந்த பிறகே கொத்தனாரிடம் சொல்லுங்கள். வீட்டுக்காரர் நேரே மேஸ்திரியிடம் "இதையும் சேர்த்துக் கட்டிடுங்க அண்ணே" என்று சொல்வதும் நடக்கும். சீட்டு இல்லாமல் ஒரு கல்லும் வைக்கக்கூடாது என்று மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

### 2ஆ. பரப்பளவுக் கணக்கில் வித்தியாசம்

போர்டிகோ முழு ரேட்டா அரை ரேட்டா, மாடிப்படி ஹெட்ரூம் சேர்த்தியா, சிட்-அவுட், பால்கனி எப்படி, சம்ப் லிட்டர் கணக்கா, செப்டிக் டேங்க் ரேட்டுக்குள்ளா வெளியேயா. ஒப்பந்தத்தில் இந்த ஆறும் எழுதாமல் இருந்தால் தகராறில் விட்டுக்கொடுப்பது எப்போதும் கான்ட்ராக்டர்தான். அடுத்த ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

### 2இ. பொருள் கசிகிறது

கம்பி, மணல், சிமென்ட் மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

கம்பி: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளத்தில் 8 மி.மீ. கம்பி சுமார் 4.74 கிலோ, 12 மி.மீ. சுமார் 10.66 கிலோ. ஆகவே 12 மி.மீ. கம்பி ஒரு டன்னுக்கு 94 கம்பி வரும். கடைக்காரர் கம்பியை எண்ணிப் புத்தக எடையில் பில் போடுகிறாரா, வே-பிரிட்ஜ் எடையில் போடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். ஐஎஸ் 1786 தரப்படி 10 மி.மீ. வரை 7 சதவீதமும் அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதமும் எடை கூடவோ குறையவோ செய்யலாம். எண்ணிப் போடும் பில்லில் எடை குறைந்த கம்பி வந்தால், தரத்துக்கு உட்பட்டே டன்னுக்கு 50 கிலோவுக்குப் பணம் வீணாகும். நாலு கம்பியை எடுத்து எடை போட்டாலே தெரிந்துவிடும்.

மணல், எம்-சாண்ட், ஜல்லி: யூனிட் என்பது 100 கன அடி. லாரிப் பெட்டியின் உள்ளளவை டேப்பால் எடுங்கள். 12 அடி நீளம், 6.5 அடி அகலம், சராசரி 4 அடி உயரம் என்றால் 312 கன அடி, அதாவது மூன்று யூனிட்டும் கொஞ்சமும். உயரத்தை நடுவில் மட்டும் பார்க்காதீர்கள். நடு குவிந்து மூலைகள் தாழ்ந்திருக்கும். ஒரு கம்பியை அடித்தட்டு வரை இறக்கி நாலு மூலையிலும் நடுவிலும் அளந்து சராசரி எடுங்கள். ஈரமாக வந்தால் மணல் பொங்கி, அளவு கூடிக் காட்டும். கொட்டிய பிறகு அளப்பதில் பயனில்லை.

சிமென்ட்: எம்20 கான்கிரீட் கலவைக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை. 1,000 சதுரஅடியில் 5 இன்ச் ஸ்லாப் என்றால் 11.8 கன மீட்டர், சுமார் 94 மூட்டை (பீம் தனி). 12 மி.மீ. பூச்சு 1:4 கலவையில் 100 சதுரஅடிக்குச் சுமார் ஒரு மூட்டை. முழு வீட்டுக்குச் சதுரஅடிக்கு 0.4 மூட்டை என்ற வழக்கமான கணக்கோடும் ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் காலி சாக்கை எண்ணும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். தினமும் சாயங்காலம் காலி சாக்கு எண்ணிக்கை நோட்டில் ஏறினால், கூடுதலாகப் போனது சுவரிலா சைட்டுக்கு வெளியிலா என்று ஒரே வாரத்தில் தெரியும். சுவரில்தான் என்றால் பூச்சின் கனத்தைப் பாருங்கள். கட்டு வேலை தூக்குக்குண்டில் நிற்காததால் 12 மி.மீ. பூச்சு 25 மி.மீ. ஆகியிருக்கும்.

### 2ஈ. கூலி அளவுக்கு மேல் போகிறது

ஆள் கணக்கில் கூலி கொடுக்கிற சைட்டில், வாரக் கடைசியில் அந்த வாரம் நடந்த வேலையையும் அளந்து எழுதுங்கள். 9 இன்ச் சுவரில் ஒரு கொத்தனார் உதவியாளோடு நாளுக்குச் சுமார் ஒரு கன மீட்டர், அதாவது 35 கன அடி கட்டலாம் என்பது மதிப்பீட்டுக் கணக்கு. அதில் பாதிதான் ஓடியிருக்கிறது என்றால் ஆளைத் திட்டுவதற்கு முன் சைட்டைப் பாருங்கள். பெரும்பாலும் செங்கல் வரவில்லை, தண்ணீர் இல்லை, சாரப் பலகை போதவில்லை. பொருள் தாமதத்துக்கு நீங்கள்தான் கூலி கொடுக்கிறீர்கள்.

### 2உ. ரேட்டே தவறு

மேலே நான்கும் சரியாக இருந்தும் லாபம் இல்லை என்றால் கோளாறு ரேட்டில் இருக்கிறது. அலுவலக வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், பெட்ரோல், தொழிலாளர் விபத்துக் காப்பீடு, உங்கள் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 70 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 8.4 லட்சம். ஆண்டுக்கு 6,000 சதுரஅடி முடிக்கிறீர்கள் என்றால் சதுரஅடிக்கு 140 ரூபாய். நேரடிச் செலவு 2,160, ரேட் 2,400. வித்தியாசம் 240 என்று நினைக்கிறீர்கள், உண்மையில் நிற்பது 100. சிமென்ட்டும் கம்பியும் கொஞ்சம் ஏறினால் அதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து நாளின் சிமென்ட், கம்பி விலையை எழுதி, 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசம் வீட்டுக்காரருடையது, இறங்கினால் அவருக்கே கழிவு என்று ஒரு வரி சேருங்கள். இறங்கும்போது கழிப்பதாக எழுதினால்தான் அவரும் ஒப்புவார்.

## கோளாறு 3: கடைசித் தவணை வரவில்லை

### 3அ. சில்லறைக் குறை நிற்கிறது

கதவு சரியாக மூடவில்லை, பாத்ரூம் தண்ணீர் வாட்டம் மாறியிருக்கிறது, ஒரு டைல் தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிறது. பெரும்பாலான கடைசித் தவணைகள் இங்கேதான் நிற்கின்றன. வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து ஒரே பட்டியல் போடுங்கள். அதன் கீழே "இவை முடிந்ததும் ரூ. 1,80,000 தரப்படும்" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பட்டியலுக்குத் தேதி இல்லாவிட்டால் வாரம் ஒரு புதுக் குறை சேர்ந்துகொண்டே போகும். பிறகு இரண்டு ஆளை மூன்று நாள் அங்கேயே நிறுத்தி முடித்துவிடுங்கள். 5 ஆயிரம் ரூபாய் வேலையைத் தள்ளிப்போட்டு 1.8 லட்சத்தை நிறுத்திவைப்பது வீண்.

### 3ஆ. கணக்கில் ஒப்புதல் இல்லை

வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். ஒரே டேப்பில் இருவரும் சேர்ந்து அளந்து, அளவுத்தாளில் கையெழுத்திடுங்கள். அளவில் ஒத்துப்போய் ரேட்டில் மட்டும் முரண்பட்டால், முரண் இல்லாத தொகையை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக்கு இருவரும் ஒப்பும் ஒரு சிவில் இன்ஜினியரை வைத்து அளக்கச் சொல்லலாம். அவர் கட்டணத்தைப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்ளுங்கள்.

### 3இ. அவரிடம் பணம் இல்லை

வீடு கட்டி முடிக்கும்போது எல்லாரும் இறுகிப்போய்த்தான் இருப்பார்கள். பாக்கித் தொகை இவ்வளவு, இந்தத் தேதிகளில் தருகிறேன் என்று அவர் கைப்பட எழுதி வாங்குங்கள். முடிந்தால் தேதியிட்ட காசோலைகள். இந்தக் கடிதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. வேலைக்கான பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுதான் காலவரம்பு. அந்தக் கெடு முடிவதற்குள் கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும்.

### 3ஈ. தரமாட்டேன் என்கிறார்

இங்கே வழக்கறிஞர். காசோலை திரும்பியிருந்தால் நாள்கள் கறாரானவை. காசோலைத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ். நோட்டீஸ் அவர் கைக்குப் போன 15 நாளில் பணம் வராவிட்டால், அதன்பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். ஆகவே காசோலை திரும்பிய வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வீட்டைப் பூட்டுவது, கரண்டைத் துண்டிப்பது, போட்ட கதவைக் கழற்றுவது எதையும் செய்யாதீர்கள். பணம் வரவேண்டிய ஆள் நீங்கள், போலீஸ் கேஸில் நிற்பவராக மாறிவிடுவீர்கள்.

## கோளாறு 4: ஜிஎஸ்டி கட்டும் நாளில் பணம் இல்லை

### 4அ. ரேட் பேசும்போது வரியைப் பேசவில்லை

தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் விலக்கு இருக்கிறது. பொருளோடு சேர்ந்த வேலைக்கு 18 சதவீதம். சேவைக்கான பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் என்பதால் 36 லட்சம் வீடு ஒன்றே உங்களை உள்ளே இழுத்துவிடும். "எல்லாம் சேர்த்து 2,400" என்று கையெழுத்திட்டிருந்தால் அந்த 36 லட்சத்துக்குள் வரி 5,49,153 ரூபாய். பொருள் வாங்கும்போது கட்டிய வரிக்குக் கிடைக்கும் கிரெடிட் போக மீதி உங்கள் லாபத்திலிருந்து போகும். "வரி தனி" என்ற இரண்டு சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் இந்தக் கோளாறே வராது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் என்றால் 6 சதவீதத் தொகுப்புத் திட்டம் உங்களுக்கு ஒத்துவருமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். அதில் போனால் கிரெடிட் எடுக்கவும் முடியாது, வீட்டுக்காரரிடம் வரியைத் தனியாக வாங்கவும் முடியாது.

### 4ஆ. அட்வான்ஸுக்கும் வரி உண்டு என்பதை மறந்தது

சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு, வாங்கிய காலத்திலேயே வரி கட்ட வேண்டும். தவணை வந்த அன்றே வரிப் பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தப் பணத்தில் கம்பி வாங்கினால் வரி கட்டும் 20-ம் தேதி திண்டாட்டம்தான். தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அதுபோக நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம்.

### 4இ. கிரெடிட் வரவில்லை

ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதிக்குப் பிறகு ஜிஎஸ்டிஆர்-2பியை (கடைக்காரர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து உங்களுக்கு வரும் கிரெடிட் பட்டியல்) இறக்கி, கையிலிருக்கும் பில்களோடு டிக் அடியுங்கள். அதில் இல்லாத பில் என்றால் ஒன்று கடைக்காரர் உங்கள் ஜிஎஸ்டி எண் போடாமல் பில் அடித்திருப்பார், அல்லது அவர் தன் கணக்கைத் தாக்கல் செய்திருக்க மாட்டார். முதலாவதை ஒரு போன் காலில் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதற்கு, அவருக்குத் தரவேண்டிய அடுத்த தொகையில் வரிப் பங்கை மட்டும் நிறுத்திவையுங்கள். கடைக்காரருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். ஒரு நிதியாண்டு பில்லுக்குக் கிரெடிட் எடுக்கக் கடைசி நாள் அடுத்த நவம்பர் 30, ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அந்த நாள்.

பழைய எஸ்டிமேட் ஷீட்டை இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒன்றைத் திருத்துங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு வரி 28 அல்ல, 18. ஷீட்டில் கிரெடிட் அதிகமாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் நீங்களே பதில் எழுதாதீர்கள். அன்றே ஆடிட்டரிடம் கொடுங்கள், பதிலுக்கு நாள் குறிப்பிட்டிருக்கும்.

## கோளாறு 5: டிடிஎஸ் பிடித்தார்கள், நம் கணக்கில் காணோம்

நிறுவனங்களுக்கு வேலை செய்தால் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, தனிநபர் கான்ட்ராக்டருக்கு 1 சதவீதம், பார்ட்னர்ஷிப், கம்பெனி என்றால் 2 சதவீதம் பிடிப்பார்கள். 20 சதவீதம் பிடித்திருந்தால் உங்கள் பான் எண் அவர்களிடம் இல்லை அல்லது தவறு, முதலில் அதைப் பாருங்கள். பில்லில் ஜிஎஸ்டியைத் தனி வரியாகக் காட்டினால், வரி நீங்கலான தொகைக்கு மட்டும் பிடித்தால் போதும். மொத்தத்துக்கும் பிடித்திருந்தால் பில் வடிவத்தை மாற்றுங்கள்.

அவர்கள் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகுதான் 26ஏஎஸ் என்று நாம் பழகிய வரவுப் பட்டியலில் ஏறும். ஏப்ரல்-ஜூனில் பிடித்தது ஜூலை 31 கெடுவுக்குப் பிறகும் வரவில்லையென்றால் அவர்கள் கணக்குப் பிரிவுக்குப் பில் எண்ணோடு கடிதம் எழுதுங்கள். அரசுத் துறை வேலையில் இன்னொன்றும் உண்டு. 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டியிலும் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் உள்ளே போய் அதை ஏற்றுக்கொண்டால்தான் உங்கள் ரொக்க இருப்பில் சேரும். இதைத் தெரியாமல் விட்டுவைத்திருப்பவர்கள் அநேகம்.

## கோளாறு 6: கடைக்காரர் சரக்கை நிறுத்திவிட்டார்

பாக்கி எவ்வளவு என்று இருவர் நோட்டும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். திருப்பி அனுப்பிய சரக்குக்குக் கழிவு போடாமல் விட்டிருப்பது சகஜம். கணக்குச் சரி என்றால் "அண்ணாச்சி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று இழுக்காமல், எந்த சைட்டின் எந்தத் தவணையில் எவ்வளவு தருவீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். அந்தத் தேதியில் பாதியாவது கொடுங்கள். இனி வாங்கும் சரக்கை சைட் பெயர் போட்டுத் தனித்தனி பில்லாகக் கேளுங்கள். கடன் ரேட்டையும் ரொக்க ரேட்டையும் கேட்டு ஒப்பிடுங்கள். கம்பியில் கிலோவுக்கு 2 ரூபாய் வித்தியாசம் என்றால் 6 டன்னுக்கு 12 ஆயிரம், ஒரு மாதக் கடனுக்கு அது பெரிய வட்டி.

## கோளாறு 7: மேஸ்திரி அட்வான்ஸ் வாங்கினார், ஆள் வரவில்லை

அளவெடுத்துப் பாருங்கள். நடந்த வேலையின் மதிப்பைவிடக் கொடுத்தது கூடவா என்பதுதான் கேள்வி. கூட இல்லையென்றால் கோபப்பட இடமில்லை, அவருக்கு வேறு சைட்டில் நல்ல பட்டுவாடா கிடைத்திருக்கிறது. கூட இருந்தால், அந்தத் தொகையை இனி வரும் மூன்று நான்கு பட்டுவாடாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கச் சம்மதம் வாங்குங்கள். மொத்தமாகக் கழித்தால் அந்தச் சனிக்கிழமையே அவருடைய ஆட்கள் பிரிந்துபோவார்கள். அட்வான்ஸ் ஒரு வார வேலை மதிப்பைத் தாண்டக்கூடாது என்பது நல்ல எல்லை.

மேஸ்திரி கையில் 60 ஆயிரத்தை ரொக்கமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10 ஆயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது வருமான வரியில் செலவாக ஏற்கப்படாது. மேஸ்திரி கணக்குக்கு வங்கி வழியாக அனுப்புங்கள், அல்லது ஆள்வாரியாகக் கையெழுத்து வாங்கிய கூலிப்பட்டியலில் கொடுங்கள். உங்கள் முந்தைய ஆண்டு வரவு ஒரு கோடியைத் தாண்டியிருந்தால், சப்-கான்ட்ராக்டில் இருக்கும் மேஸ்திரிக்கு ஒரே பில் 30 ஆயிரத்தையோ ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தையோ தாண்டும்போது நீங்களும் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். முதல் பட்டுவாடாவுக்கு முன்பே அவருடைய பான் அட்டை நகலை வாங்கிவையுங்கள்.

## கோளாறு 8: வங்கி கடன் தர மறுக்கிறது

வங்கி மேலாளர் பார்ப்பது மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதைத்தான்: வருமான வரிக் கணக்கில் காட்டிய வரவு, ஜிஎஸ்டி கணக்கில் காட்டிய வரவு, 12 மாத வங்கிக் கணக்கில் வந்த பணம். போகும் முன் நீங்களே ஒரு தாளில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் காரணத்தை ஆடிட்டரிடம் எழுத்தாக வாங்குங்கள். தனிக் கணக்கிலும் மனைவி கணக்கிலும் தவணை வாங்கியிருந்தால் பொருந்தவே பொருந்தாது. இதைச் சரிசெய்ய ஒரு முழு நிதியாண்டு ஆகும், குறுக்குவழி இல்லை.

பொருந்தினால் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு), கையெழுத்தான ஒப்பந்தங்கள், சைட் நோட்டிலிருந்து எடுத்த தவணைக்கால அட்டவணை மூன்றையும் இணைத்து, ஓவர்டிராஃப்ட் வசதி கேளுங்கள். 1ஆவில் பார்த்த பள்ளம் ஒரு வீட்டில் சில வாரமே நிற்பது. அதற்கு ஐந்து ஆண்டு தவணைக் கடன் எடுத்தால் பள்ளம் மூடிய பிறகும் மாதத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி என்ற ஓவர்டிராஃப்ட்தான் இதற்குப் பொருத்தம். எவ்வளவு கேட்பது என்பதற்கு, எல்லா சைட்டின் அட்டவணையையும் வாரவாரியாகக் கூட்டி, எந்த வாரத்தில் பள்ளம் மிக ஆழமோ அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.